பிள்ளை தன் முகத்தை வரையும்போது எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் ஓவிய வகுப்பு நடக்கும். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் வருவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான் கொடுக்கும் முதல் வேலை, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைவது. பல வருடங்களாக இதையே செய்வதால், எங்கே சிக்கிக்கொள்வார்கள் என்பது அத்துப்படியாகிவிட்டது. பிள்ளைகள் மாறுகிறார்கள். கோளாறுகள் மாறுவதில்லை. வீட்டில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கும், வகுப்பில் நாற்பது பேரைச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் செலவில்லாததை முதலில் பாருங்கள். முதலில் கண்ணாடியும் வெளிச்சமும், அடுத்து பென்சிலும் பேப்பரும், அதற்கடுத்து நம் வாயிலிருந்து வரும் வார்த்தைகள். பிள்ளையின் கை சரியில்லை என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். நான் பார்த்தவரை கையில் குறை இருந்த பிள்ளைகள் மிகக் கொஞ்சம்.

தேவையானவை: ரசம் போகாத கண்ணாடி, குறைந்தது நோட்டுப் புத்தக உயரம். ஓரத்தில் சட்டம் இல்லாவிட்டால் சுற்றிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், விரலைக் கிழிக்கும். 2பி பென்சில், ஏ4 பேப்பர், பரீட்சை அட்டை, நாலு கிளிப். ரப்பரை முதல் பத்து நிமிடம் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## வட்டத்திலிருந்து நேராகக் கால் முளைக்கிறது

மூன்று, நான்கு வயதில் இது பழுதே இல்லை. பெரிய வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, கீழே இரண்டு கோடு. உடம்பு இருக்காது, சில சமயம் காதிலிருந்து கை வரும். எல்லாப் பிள்ளைகளும் கடந்து போகும் படி இது. திருத்தாதீர்கள், “கழுத்து எங்கே?” என்று கேட்காதீர்கள். “இது யாரு?” என்று மட்டும் கேட்டு, சொல்வதைப் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு வையுங்கள். கீழே சொல்பவை ஆறு, ஏழு வயதுக்கு மேல், “என்னை மாதிரி இல்லையே” என்று பிள்ளையே கவலைப்படத் தொடங்கிய பிறகுதான் பொருந்தும்.

## பேப்பர் வெள்ளையாகவே இருக்கிறது: “எனக்கு வராது மிஸ்”

பேப்பர் மிரட்டுகிறது. பெரிய வெள்ளைத் தாளைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்குக் கை எழாது. பேப்பரை நான்காகக் கிழித்துக் கொடுங்கள். ஒரு துண்டில் கண் மட்டும், இன்னொன்றில் வாய் மட்டும். முகம் என்ற வார்த்தையே வேண்டாம்.

தொடங்கும் இடம் தெரியவில்லை. கண்ணாடியிலேயே வரையச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், ஒயிட்போர்டு மார்க்கரால் முகத்தின் ஓரத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். துணியால் துடைத்தால் போய்விடும் என்பதால் பயம் இருக்காது. நகர்ந்து பார்த்தால் வரைந்த முகம் குட்டியாக இருக்கும். கண்ணாடியின் மேல் தெரியும் முகம், பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும், உண்மை அளவில் பாதிதான். ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பாதிப் பேர் தானாகவே பேப்பரை எடுப்பார்கள்.

யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். “அக்கா மாதிரி உனக்குக் கை வராது” என்று வீட்டில் விழுந்த ஒரு சொல் இரண்டு வருடம் நிற்கும். சோதிப்பது எளிது. கோலம் போடச் சொல்லுங்கள், அல்லது பஸ் வரையச் சொல்லுங்கள். அதை வரைந்துவிட்டு முகத்தை மட்டும் மறுத்தால் காரணம் வெளியே இருக்கிறது. அன்றைக்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முகத்தை நீங்கள் வரையுங்கள், அதுவும் பிள்ளை பார்க்கும்படி. மூன்றாவது வாரம் பென்சில் கேட்பார்கள்.

## கண்கள் நெற்றியில் உட்கார்ந்திருக்கின்றன

பத்தில் எட்டுப் படத்தில் இதுதான். முகம் வரைகிறார்கள், கண்ணை மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் முடி. மூளைக்கு இடமே இருக்காது. கண்ணும் மூக்கும் வாயும்தான் நமக்கு முக்கியம், நெற்றியில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் அதை விழுங்கிவிடுகிறோம். பெரியவர்களும் இப்படித்தான் வரைகிறார்கள்.

“கண்ணைக் கீழே இறக்கு” என்று சொன்னால் ஒருமுறை இறக்குவார்கள், அடுத்த படத்தில் மறுபடி மேலே ஏறிவிடும். அளந்தால்தான் நிற்கும்.

*விரல் அளவு.* போன வருடம் நான்காம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, ரெட்டைச் சடை, ரிப்பன் ஒருபக்கம் அவிழ்ந்து தொங்க, கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலைத் தாடைக்கு அடியிலும் ஆள்காட்டி விரலைக் கண் ஓரத்திலும் வைக்கச் சொன்னேன். “அப்படியே அளவு கலையாமல் கையை மேலே தூக்கு. கட்டைவிரலைக் கண் ஓரத்துக்குக் கொண்டு வா. ஆள்காட்டி விரல் எங்கே நிற்கிறது?” விரல் நெற்றியைத் தாண்டியது, வகிட்டைத் தாண்டியது, உச்சந்தலையில் போய் நின்றது. கையை எடுக்காமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்ளோ பெரிய நெத்தியா மிஸ் எனக்கு?” மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தம்பியின் தலையையும் அளந்தாள். அதற்குப் பிறகு அவள் படத்தில் கண் மேலே ஏறவில்லை.

*காகிதப் பட்டை.* வரைந்த முகத்தின் நீளத்துக்குப் பேப்பர் பட்டை ஒன்று வெட்டுங்கள். பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்துப் பிரியுங்கள். மூன்று மடிப்பு இருக்கும். படத்தின் மேல் வைத்தால் நடு மடிப்பு கண் வரும் இடம், கீழ் மடிப்பு மூக்கின் அடி. மேல் மடிப்புக்குப் பக்கத்தில் எங்கோ முடி தொடங்கும், அது ஆளுக்கு ஆள் மாறும். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் நடு மடிப்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். அதனால்தான் குழந்தை முகம் குழந்தை முகமாகத் தெரிகிறது.

கூடவே இரண்டு அளவு: இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும். காது, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை. இதற்கு மேல் அளவு சொல்லாதீர்கள். பிள்ளை முகத்தை விட்டுவிட்டு ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளும்.

## கண்ணாடியைப் பார்க்காமலே வரைந்து முடிக்கிறது

எல்லோர் படத்திலும் ஒரே முகம். பாதாம் கண், நடுவில் முழு வட்டம், மேலே மூன்று இமைமுடி, வளைந்த சிரிப்பு. கார்ட்டூனில் பார்த்ததோ, பக்கத்து பெஞ்சில் கற்றதோ. கண்ணாடி எதிரில் இருந்தும் ஒருமுறை கூட நிமிர்ந்திருக்க மாட்டார்கள். பிள்ளையின் முகத்தில் பழகிய படம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது, அதை எழுப்ப வேண்டும். மற்ற எதையும்விட நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

கண்ணாடி தப்பான இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். தரையில் படுக்க வைத்த கண்ணாடியில் மூக்குத் துளையும் ஃபேனும்தான் தெரியும். சுவரில் சாய்த்து, அடியில் புத்தகம் அடுக்கி, கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். பேப்பரிலிருந்து கண்ணாடிக்குப் பார்வை போகத் தலையைத் திருப்ப வேண்டி வந்தால் பிள்ளை பார்க்காது. இரண்டும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

வெளிச்சம் பின்னால் இருக்கிறது. ஜன்னலோ டியூப் லைட்டோ முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்த வட்டமாகத்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு உட்கார வையுங்கள். மூக்கின் ஒருபக்கம் வெளிச்சம், ஒருபக்கம் நிழல் என்று வந்தவுடன் பார்ப்பதற்கு விஷயம் கிடைத்துவிடும்.

பார்க்கத் தெரியவில்லை. எறும்பு விளையாட்டு விளையாடுங்கள். காதோரம் ஓர் எறும்பு ஊர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வது. பார்வை கண்ணாடியில் எறும்பின் பின்னாலேயே போக வேண்டும், பென்சில் பேப்பரில் அதே வேகத்தில் நகர வேண்டும். கீழே பார்க்கக் கூடாது. கையை மறைக்க, பேப்பருக்கு மேல் இன்னொரு அட்டையைக் கூரை மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். வரும் படம் கோணல் மாணலாக இருக்கும். பிள்ளை சிரிக்கட்டும், நாமும் சிரிக்கலாம். அப்புறம் அந்தக் கோணலுக்குள் தேடுங்கள். எங்கோ ஒரு கோடு, தாடை வளைவோ, காது மடலோ, அப்படியே அந்தப் பிள்ளையாக இருக்கும். அந்த இடத்தைக் காட்டி, “இது நீதான்” என்று சொல்லுங்கள்.

அடுத்து, கேள்வி கேளுங்கள். “கண்ணில் இருக்கும் கறுப்பு வட்டம் முழுசாகத் தெரிகிறதா, மேல் இமை கொஞ்சம் மூடியிருக்கிறதா?” பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். “இரண்டு புருவமும் ஒரே மாதிரியா?” இருக்காது. பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கண்ணில் குறை. வெளிச்சமும் இடமும் சரியாக இருந்தும் பிள்ளை கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்துக்குப் போகிறதா, கண்ணைச் சுருக்குகிறதா, எப்போதும் தலையை ஒருபக்கமே சாய்க்கிறதா, ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு, மூன்று வகுப்பில் தொடர்ந்து பார்த்தால் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலேயே பார்க்கலாம். என் வகுப்பிலிருந்து இப்படிப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. அதில் ஒரு தம்பி வந்ததும் முதலில் சொன்னது, “மிஸ், எனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு.”

## ரப்பர் போட்டுப் போட்டுப் பேப்பர் கிழிகிறது

பென்சிலைப் பாருங்கள். ஹெச்பி பென்சிலை அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாக விழும், அழித்தாலும் போகாது. 2பி கொடுத்து, நுனியிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். தானாகவே அழுத்தம் குறையும். முதல் கோட்டை லேசாக, பிடிக்காவிட்டால் அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு. கடைசியில் சரியான கோட்டை மட்டும் அழுத்தினால் மற்றவை கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து உங்களைப் பாருங்கள். பின்னால் நின்று, “அது கொஞ்சம் பெருசு, இது கோணல்” என்று சொல்லிக்கொண்டிருந்தால் ரப்பர் ஓயாது. இரண்டடி தள்ளி உட்காருங்கள்.

ஏழு வயதுக்கு மேலும் பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடிப்பது, ஐந்து நிமிடத்தில் கை வலி, சட்டைப் பட்டன் போடுவதும் சிரமம் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் அது ஓவியப் பிரச்சினை இல்லை. அதற்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள்.

## தாடை பேப்பருக்கு வெளியே போகிறது

கண்ணில் தொடங்கினால் இப்படி ஆகும். முதலில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, உச்சிக்கும் தாடைக்கும். அதற்குள் முட்டை வடிவம், அப்புறம்தான் மற்றது. அதையும் மீறிப் போனால் கீழே இன்னொரு பேப்பரை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். முகம் மூலையில் சுண்டைக்காய் அளவுக்கு வந்தால், பேப்பரின் மேல் உள்ளங்கையை விரித்து வைக்கச் சொல்லி, அதைவிடச் சின்னதாகப் போகக் கூடாது என்று சொன்னால் போதும்.

## மூக்கு மட்டும் வரவே இல்லை

மூக்குக்கு ஓரக்கோடு கிடையாது, அதுதான் சிக்கல். கோடு தேடாமல் இருட்டைத் தேடச் சொல்லுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் இரண்டு துளை, அடியில் ஒரு நிழல், பக்கத்தில் லேசான ஒரு நிழல். இந்த நாலையும் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் மூக்கு எழுந்துவிடும். மூக்குத்தி இருந்தால் அந்தப் புள்ளியை முதலில் வைத்து, அதைச் சுற்றி வரையலாம்.

## “பாக்கெட் தப்பான பக்கம் இருக்கே”

இந்தப் புகார் பிள்ளையிடமிருந்து வராது, போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அப்பாவிடமிருந்து வரும். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் சட்டைப் பாக்கெட், வகிடு, மச்சம் எல்லாம் போட்டோவில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் வரும். படம் சரி. திருத்தச் சொல்லாதீர்கள். இங்கே திருத்தினால் பிள்ளை கண்ணாடியை நம்புவதை நிறுத்திவிடும்.

## முகத்துக்கு இளஞ்சிவப்புப் பூசுகிறது

மாநிறப் பிள்ளை, கறுத்த பிள்ளை, எல்லோரும் பெட்டியிலிருந்து அதே ஒரு வெளிறிய கிரேயானை எடுக்கிறார்கள். கேட்டால், “ஸ்கின் கலர் மிஸ்” என்கிறார்கள். இதை நான் ஒருபோதும் பேசாமல் கடப்பதில்லை.

பெயர்தான் காரணமாக இருக்கலாம். பெட்டியில் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் ஸ்கின் கலர் என்கிறார்கள், பிள்ளையும் நம்புகிறது. அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் ‘தோல் நிறம்’ என்று பொருள்படும் பெயரில் விற்ற கிரேயானுக்கு 1962-இல் பீச் என்று பெயர் மாற்றியது. 2020-இல் மனிதத் தோலின் 24 நிறங்களை ஒரே பெட்டியில் கொண்டுவந்தது. நம் வகுப்பில் அந்தப் பெட்டி தேவையில்லை. “அது ஸ்கின் கலர் இல்லை, பீச் பழத்தின் கலர்” என்று சொல்லிப் பெயரை மாற்றிவிடுங்கள்.

கலக்கத் தெரியவில்லை. போஸ்டர் கலரில் மஞ்சள் இரண்டு சொட்டு, சிவப்பு ஒரு சொட்டு, நீலம் குச்சி நுனியில் தொட்டு. பழுப்பு வரும். வெளுக்க மஞ்சளும் துளி வெள்ளையும், கறுக்க இன்னும் கொஞ்சம் நீலம். கறுப்பு ஊற்ற வேண்டாம், முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். கிரேயான் என்றால் மஞ்சளை லேசாகத் தேய்த்து, மேலே ஆரஞ்சு, அதன் மேல் பழுப்பு.

கலந்ததைக் காகிதத் துண்டில் பூசி, காய்ந்ததும் முன்னங்கையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அவசரப்படக் கூடாது. சரியாகச் சேர்ந்த கணத்தில் துண்டு எது, கை எது என்று தெரியாமல் போகும். அந்த நிறத்துக்குப் பிள்ளையே பெயர் வைக்கட்டும். எங்கள் மாடியில் ஒரு கயிற்றில் இந்தத் துண்டுகள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. கருப்பட்டி, வேர்க்கடலைத் தோல், பால் கம்மியா போட்ட டீ, ஓடு, புதுப் புளி, பழைய புளி. கீழே அவரவர் பெயர். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

அந்த நிறம் தனக்கு வேண்டாம் என்கிறது. கலந்துவிட்டு, துண்டைக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அதே வெளிறிய கிரேயானை எடுக்கும் பிள்ளையும் உண்டு. இதுதான் சரிசெய்ய அதிக நாள் பிடிப்பது, பணத்தால் ஆகாதது. கிரேயானைப் பிடுங்காதீர்கள். “நீயும் அழகுதான்” என்ற ஆறுதலும் வேண்டாம், அந்த ‘உம்’ பிள்ளைக்குக் கேட்கும். வீட்டில் பேசுங்கள். அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டார் யாரோ கலரை வைத்து நாள்தோறும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், பாசமாகத்தான் சொல்வார்கள். அது நிற்க வேண்டும். பெற்றோரை அழைத்து இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு அம்மாவையும் உட்கார வைத்து, அவர் கையின் நிறத்தை அவரையே கலக்கச் சொல்வதுண்டு. பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிறது.

## மூக்குக்கண்ணாடி, விழுந்த பல், தழும்பை விட்டுவிடுகிறது

மறந்ததா, மறைக்கிறதா என்று பாருங்கள். “கண்ணாடியில் இருப்பதில் எதையாவது விட்டிருக்கிறோமா?” என்று பொதுவாகக் கேட்டால், மறந்த பிள்ளை உடனே சேர்க்கும். மறைக்கிற பிள்ளை கையால் படத்தை மூடும். மூடினால் அப்படியே விடுங்கள். அது அந்தப் பிள்ளையின் முகம், எதைக் காட்டுவது என்று சொல்லும் உரிமை அதற்கு உண்டு.

## வரைந்த முகத்தின் மேல் கிறுக்கி அழிக்கிறது

பெரும்பாலும் படம் சரியாக வராத கோபம்தான். புதுப் பேப்பர் கொடுத்து, ஐந்து நிமிடம் வெளியே ஓடவிட்டால் தீர்ந்துவிடும். யாராவது கேலி செய்திருக்கலாம், பக்கத்தில் விசாரியுங்கள்.

ஒரு படத்தை வைத்துப் பிள்ளையின் மனதைப் படிக்க முயலாதீர்கள். கறுப்புப் பூசினால் துக்கம், பல் வரைந்தால் கோபம் என்று சொல்வதெல்லாம் ஆபத்தான பேச்சு. ஆனால் வாரக்கணக்கில் தன் முகத்தை மட்டும் கிழிக்கிறது, கூடவே சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, “நான் இல்லாமல் போனால் நல்லது” என்பது போன்ற பேச்சு வருகிறது என்றால் அங்கே நம் வேலை முடிந்தது. குழந்தை மனநல மருத்துவரிடம் போக வேண்டும், அதுவும் அன்றே. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல், சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

## முடித்த படத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறது

ஒன்பது, பத்து வயதில் இது சகஜம். சண்டை போடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484-இல், பதின்மூன்று வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்தார். அந்தப் படத்திலேயே பிற்பாடு, சிறுவனாக இருந்தபோது கண்ணாடியைப் பார்த்து நான் வரைந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். வியன்னாவில் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரோ எடுத்து வைத்ததால்தான் இருக்கிறது.

பென்சில் படம் தேய்ந்து மங்கும். மேலே பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து, பின்பக்கம் பெயர், வயது, தேதி எழுதி, அட்டை ஃபைலில் போடுங்கள். ஆயில் பேஸ்டல் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, கோடை வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஜூனில் புதுப் படம் வரைந்து முடித்த பிறகு மட்டும் பழையதை வெளியே எடுங்கள். முன்னாடியே காட்டினால் கண்ணாடியை விட்டுவிட்டு அதைப் பார்த்து வரையத் தொடங்கிவிடுவார்கள்.